ஒரு அரசு செய்ததற்கு அந்த நாட்டுக்காரர் எல்லோரும் பொறுப்பா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் எழுதியிருந்த இரண்டு நாடுகளின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எந்த நாட்டின் பெயரை வைத்துப் படித்தாலும் என் பதில் மாறாது.

கடிதத்தின் சுருக்கம் இது. கூடப் படித்த நெருங்கிய தோழியின் தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குண்டுவீச்சில் இறந்துபோனார். குண்டு போட்டது பக்கத்து நாட்டு அரசு. அன்றிலிருந்து வாசகி தினமும் இரவு வெகுநேரம் அந்தப் போர்ச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வருடம், குண்டு போட்ட நாட்டைச் சேர்ந்த ஒருவர் அவருடைய குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். நன்றாக வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை வாசகி நிறுத்திவிட்டார். அவருடைய மின்னஞ்சல்களுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் அனுப்புகிறார். ஒரு பெரிய தாக்குதலுக்கு மறுநாள் அந்த மனிதர் போனில் தன் மொழியில் பேசிச் சிரித்ததைக் கேட்டதிலிருந்து முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறார். இப்போது ஒரு உயர் பொறுப்புக்கு இரண்டு பேரில் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். தகுதியில் முன்னால் இருப்பவர் இவர்தான். "ஆனால் அவர் பெயரை எழுதக் கை வரவில்லை" என்கிறார்.

இதற்கிடையில் அவருடைய 14 வயது மகன், அதே நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த வகுப்புத் தோழனைப் பார்த்து "நீங்க எல்லாம் கொலைகாரங்க" என்று சொல்லியிருக்கிறான். பள்ளியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன், "நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றிருக்கிறான்.

"அந்த அரசைத் தேர்ந்தெடுத்தது அந்த மக்கள்தானே? வரி கட்டுவதும் அவர்கள்தானே? வாயைத் திறக்காமல் இருப்பது சம்மதம் இல்லாமல் வேறென்ன? மன்னன் செய்த பிழைக்குக் கண்ணகி மதுரையையே எரிக்கவில்லையா? நான் செய்வது தவறு என்று என் மகனிடம் எப்படிச் சொல்வது, தவறு என்று எனக்கே தோன்றாதபோது?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞன்மீது குண்டு விழுந்ததைக் கேட்டுக் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தோழியின் துக்கத்தை இரண்டு வருடமாகக் கூடவே சுமந்திருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை.

நான் பேச நினைப்பது அந்தக் கோபம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி. குண்டு போட உத்தரவிட்டவர்கள் உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். நீங்கள் கேள்வி கேட்டால் அவர்கள் காதில் விழாது, கத்தினாலும் விழாது. நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கோ நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட வலிக்கும். எட்டாதவர்மேல் வந்த கோபம் எட்டுகிறவர்மேல் இறங்குவது மனித மனத்தின் பழைய வழக்கம். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். உங்கள் சக ஊழியர் அந்த அம்புகூட இல்லை. அவருக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு அவருடைய பாஸ்போர்ட்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். தோழியைப் பற்றித் தொடக்கத்தில் சில வரிகள் இருக்கின்றன. மற்றதெல்லாம் "அந்த ஆட்களை"ப் பற்றி. உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருப்பது உங்கள் தோழிக்குத் தெரியுமா? அவரிடம் நீங்கள் இப்படி நடந்துகொள்வதைத் தோழி விரும்புவாரா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அவருக்காக எடுத்துக்கொண்ட கோபத்தில் அவருடைய குரல் எப்போதிலிருந்து கேட்காமல் போனது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"தேர்ந்தெடுத்தது அவர்கள்தானே?"

இந்த வாதம் கேட்பதற்கு வலுவாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அத்தனை வலு இல்லை. சுதந்திரமாகத் தேர்தல் நடக்கும் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2024ல் பிரிட்டனில் ஆட்சியைப் பிடித்த கட்சிக்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ 34 சதவீதம். நாடாளுமன்றத்தில் கிடைத்த இடங்களோ மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே சுமார் 60 சதவீதம்தான் என்பதையும் சேர்த்தால், வாக்குரிமை உள்ள ஐந்து பேரில் ஒருவர்தான் அந்த அரசுக்கு வாக்களித்திருக்கிறார். 1932 நவம்பரில் ஜெர்மனியில் நடந்த தேர்தலில் ஹிட்லரின் கட்சி வாங்கியது 33 சதவீதம். ஜூலையில் வாங்கியதைவிடக் குறைவு. அப்படியும் அடுத்த ஜனவரியில் அவர் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமிக்கப்பட்டார். அதற்குப் பிறகு ஜெர்மானியர்கள் சுதந்திரமாக வாக்களித்துத் தங்கள் ஆட்சியை மாற்ற வழியே இல்லாமல் போனது. அந்த 1932 தேர்தலில் எதிர்த்து வாக்களித்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. பிற்பாடு உலகம் "ஜெர்மானியர்கள்" என்று பொதுவாகச் சொன்னபோது அவர்களும் அதில் அடக்கம்.

வரி விஷயத்தில் இன்னும் எளிதாகச் சொல்லிவிடலாம். உங்கள் சக ஊழியர் உங்கள் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறார். அவருடைய வருமான வரி போவது பெரும்பாலும் உங்கள் வரி போகும் அதே கருவூலத்துக்கு.

ஆனாலும் மக்கள் எல்லோரும் அப்பாவிகள், அரசுகள் மட்டுமே கெட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். 2003ல் இராக் போர் தொடங்கியபோது கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் 10 பேரில் ஏறக்குறைய 7 பேர் அதை ஆதரித்தார்கள். அதே வருடம் பிப்ரவரி 15ந் தேதி உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் போர் வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். நியூயார்க்கிலும் அன்று பெருங்கூட்டம் கூடியது. இரண்டுமே உண்மை. "அமெரிக்கர்கள்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் சரியாகச் சொல்ல முடியாது. பெரும்பான்மை ஆதரித்தது என்ற புள்ளிவிவரம் உண்மையாகவே இருந்தாலும், உங்கள் முன்னால் நிற்கும் ஒருவர் அந்த ஏழு பேரில் ஒருவரா, மூன்று பேரில் ஒருவரா என்று அது சொல்லாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி. மனைவி யூதர் என்பதால் நாஜி ஆட்சி இவரைப் பல்கலைக்கழக வேலையிலிருந்து 1937ல் வெளியேற்றியது. போர் முடிந்ததும், சொந்த மக்கள் முன்னால் நின்று இவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: குற்றம் என்பது செய்த ஆளைச் சேர்ந்தது, அதை நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். ஒரு அரசு செய்ததன் விளைவுகளை, இழப்பீடு உட்பட, அதன் குடிமக்கள் எல்லோரும் சுமந்தாக வேண்டும், அது அரசியல் பொறுப்பு. நான் பேசியிருக்கலாமே, தடுத்திருக்கலாமே என்ற கேள்வியோ ஒவ்வொருவருடைய மனசாட்சிக்கும் உரியது. ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அந்த நாடு இழப்பீடு தர வேண்டும், உத்தரவிட்டவர்கள் விசாரிக்கப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்டால் முழு மனதோடு உங்கள் பக்கம் நிற்பேன். அந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்காக ஒருவருக்குப் பதவி உயர்வு போகக் கூடாது என்றால், அவர் செய்யாத குற்றத்துக்கு விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்கிறீர்கள். போர்க்காலச் சட்டமே இதை அனுமதிப்பதில்லை. 1949ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், எதிரி நாட்டின் பிடியில் இருக்கும் பொதுமக்களில் எவரையும் அவர் தாமே செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. கூட்டுத் தண்டனையைத் தடைசெய்வது அதன் 33ஆம் பிரிவு. நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது உலகம் எவ்வளவு ஆத்திரத்தில் இருந்திருக்கும்! அங்கேகூட ஆள் ஆளாகத்தான் விசாரித்தார்கள். 1946ல் தீர்ப்பு வந்தது 22 பேருக்கு. 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை.

கண்ணகியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவள் தன் வழக்கை நேராகப் பாண்டியனிடம் கொண்டுபோனாள். கையில் சிலம்போடு, தவறு செய்தவனின் முகத்தைப் பார்த்து வாதாடினாள். பிறகு ஊரை எரிக்கச் சொன்னபோதும், அறவோரையும் முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்றுதான் நெருப்புக்குச் சொன்னாள். அவ்வளவு ஆவேசத்திலும் ஆள் பார்த்துப் பிரிக்க அவளுக்கு முடிந்தது.

"அவர் ஏன் எதுவும் பேசவில்லை?"

உங்கள் கோபத்தில் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "ஒரு வார்த்தை, தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மௌனத்துக்குப் பல காரணங்கள் இருக்கும். சம்மதமும் அதில் ஒன்று, மறுக்கவில்லை. பயம் இன்னொன்று. 2022 மார்ச்சில் ரஷ்யா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ராணுவத்தைப் பற்றி அரசு "பொய்ச் செய்தி" என்று கருதுவதைப் பரப்பினால் 15 வருடம் வரை சிறை. அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் வீதிக்கு வந்து கைதானார்கள். வராதவர்கள் எல்லோரும் போரை ரசித்தவர்களா? வெளிநாட்டில் இருப்பவருக்குத் தைரியமாகப் பேச என்ன தடை என்று கேட்கலாம். அம்மா அப்பா அங்கே இருக்கலாம். தம்பி ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருக்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அந்த நாட்டுத் தூதரகத்துக்குத்தான் போயாக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், வெறும் அவமானத்தாலும் ஒருவர் பேசாமல் இருக்கலாம். தன் நாட்டின் பெயர் அடிபடும்போதெல்லாம் அறையை விட்டு வெளியே போய்விடுபவர்களை எனக்குத் தெரியும். தங்களைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று கூசுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் பேசிவிடுவோம். அவர் பேசிய மொழி உங்களுக்குத் தெரியாது. மறுமுனையில் இருந்தது யார் என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது ஒரு சிரிப்புச் சத்தமும், முந்தின நாள் செய்தியும் மட்டும்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கள். துக்கத்தில் இருக்கும் மனம் இப்படி முடிச்சுப் போடும், அது இயல்பு. அந்த முடிச்சைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு இத்தனை மாதம் ஒரு மனிதரை நடத்தியது நியாயமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கூட்டத்தைப் பார்க்கும்போது ஆளுக்கொரு விதம் என்று நமக்குத் தெரிகிறது. பிற கூட்டத்தைப் பார்க்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். உளவியலில் நெடுங்காலமாகப் பல ஆய்வுகளில் பார்த்த விஷயம் இது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராமத்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அதே காலையில் ஹ்யூ தாம்ப்சன் என்ற அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி, தன் ஆட்களுக்கும் ஓடிக்கொண்டிருந்த கிராமத்தவருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். மீண்டும் சுட்டால் தன் படையினரையே திருப்பிச் சுடும்படி தன் குழுவினரிடம் சொல்லிவிட்டுப் போய், சிலரை உயிரோடு மீட்டுக் கொண்டுபோனார். ஒரே ராணுவம், ஒரே சீருடை. அந்த ஊரில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு "அமெரிக்கன்" என்றால் யார்?

நீங்கள் அவரிடம் போய் "உங்கள் அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நீங்கள் அவருடைய குழுத் தலைவர். அவருடைய பதவி உங்கள் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதில் வராது. வேறு யாரையும் கேட்காத கேள்வியை, பிறந்த நாட்டைப் பார்த்து ஒருவரிடம் மட்டும் கேட்பது பரீட்சை வைப்பது போன்றது. மரியாதையாகப் பழகத் தொடங்குங்கள். ஒருநாள் அவராகவே பேசலாம், பேசாமலும் போகலாம்.

அவர் பேசி, அந்தப் போரை ஆதரித்துவிட்டால்? அப்போது கோபப்படுங்கள். அது அவர் சொன்ன வார்த்தைக்காக வரும் கோபம், நியாயமானது. நட்பு வேண்டாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவரைத் தனி மனிதராகப் பார்ப்பது என்றால் அவர் நல்லவர் என்று முன்கூட்டியே சான்றிதழ் கொடுப்பது இல்லை. அவர் வாயைத் திறக்கும்வரை தீர்ப்பு எழுதாமல் காத்திருப்பது.

பரிந்துரைக் கடிதம்

இதில் உங்களுக்கே ஆபத்து இருக்கிறது. அதனால் நேராகச் சொல்கிறேன். பிறந்த நாட்டைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வேலையிலோ பதவி உயர்விலோ பாகுபாடு காட்டுவது பல நாடுகளில் சட்டப்படி தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தம், 111ஆம் எண், இதை இனம், மதம், பாலினம் ஆகியவற்றோடு சேர்த்தே பட்டியலிடுகிறது. நான் வழக்கறிஞர் இல்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் இதற்கு என்ன விதி, என்ன தண்டனை என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "கை வரவில்லை" என்ற காரணம் எந்த விசாரணையிலும் நிற்காது என்று என்னால் சொல்ல முடியும். தகுதியில் முன்னால் இருப்பவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒற்றை வார்த்தை மின்னஞ்சல்கள் எல்லாம் பதிவில் இருக்கின்றன.

இதிலிருந்து வெளியே வர இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, எந்தெந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு, இருவரையும் அதன்படி மதிப்பிட்டு, வருகிற முடிவை அப்படியே அனுப்புவது. அது முடியாது, மதிப்பெண் போடும்போதே மனம் சாய்ந்துவிடும் என்று தோன்றினால், "இந்த முடிவில் என் தனிப்பட்ட உணர்வு குறுக்கே வருகிறது, வேறொருவர் மதிப்பிடட்டும்" என்று உங்கள் மேலாளரிடமோ ஹெச்.ஆரிடமோ சொல்லி விலகிக்கொள்வது. விலகுவதில் அவமானம் இல்லை. நீதிபதிகளே வழக்கிலிருந்து விலகுவது உண்டு. உங்கள் இப்போதைய மனநிலைக்கு இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். சாப்பாட்டு மேசையையும் மின்னஞ்சலையும் நாளையிலிருந்தே சரிசெய்யலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பொருள்களைப் புறக்கணிப்பது

அந்த நாட்டுப் பொருள்களை வாங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் விருப்பம், நான் குறை சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராக உலகம் நடத்திய புறக்கணிப்பு பயன் தந்தது. அந்தப் புறக்கணிப்புக்கு ஒரு கோரிக்கை இருந்தது: நிறவெறிச் சட்டங்களை எடு. கோரிக்கை நிறைவேறினால் முடிவும் உண்டு. அந்த நாட்டுக்குள்ளேயே எதிர்த்துப் பேசிய வெள்ளையர்களை அந்த இயக்கம் எதிரியாகப் பார்க்கவில்லை. உங்கள் புறக்கணிப்புக்கு என்ன கோரிக்கை, எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் தொடருங்கள். "அவர்கள் பொருளே வேண்டாம், எப்போதும்" என்றால் அது அரசியல் நடவடிக்கை இல்லை.

கூட்டாகப் பழி போட்டால் எங்கே போய் முடியும்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நீங்கள் செய்வது சின்ன விஷயம், ஒரு மேசை, ஒரு கடிதம், இதனால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம்.

1940ல் பிரிட்டன் தன் நாட்டில் இருந்த ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியர்களில் பல்லாயிரம் பேரை "எதிரி நாட்டவர்" என்று அடைத்துவைத்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் யார் தெரியுமா? ஹிட்லருக்குப் பயந்து உயிர் தப்பி ஓடிவந்த யூதர்கள். எந்த அரசு அவர்களைக் கொல்லத் தேடியதோ, அந்த அரசின் ஆட்களாகவே அவர்களைப் பார்த்தார்கள். சிலரைக் கப்பலேற்றி வேறு நாடுகளுக்கு அனுப்பினார்கள். கனடாவுக்குப் போன 'அரண்டோரா ஸ்டார்' என்ற கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நீங்கள் வெறுக்கும் அரசிலிருந்து தப்பி வந்தவராக உங்கள் சக ஊழியரே இருக்கலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

1942ல் அமெரிக்கா, ஜப்பான் வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களில் வைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988ல்தான் அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தந்தது. 1962 போரின்போது இந்தியா தன் சீன வம்சாவளியினரை அசாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனது. தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த குடும்பங்கள் அவற்றில் இருந்தன. சிலர் வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆயுத இயக்கம் 13 ராணுவத்தினரைக் கொன்றதற்கு, அதற்கும் தமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத தமிழர்களின் வீடுகள் கொழும்பில் எரிந்தன. எரித்தவர்களின் வாதமும் "எல்லாரும் ஒன்றுதான்" என்பதுதான். அந்த நாள்களை நினைவுகூரும் தமிழர்கள் பலர், தங்களைத் தன் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களப் பக்கத்து வீட்டாரைப் பற்றியும் சொல்வார்கள். தமிழில் எழுதும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன்

எனக்கு அதிகக் கவலை இவனைப் பற்றித்தான். அவன் முரடன் இல்லை. அம்மா வேதனைப்படுவதைப் பார்த்திருக்கிறான், அம்மா பக்கம் நின்றிருக்கிறான். அதனால் திட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பாதீர்கள். "அம்மா மாட்டிக்கொண்டதால் என்னை மாட்டிவிடுகிறாள்" என்றுதான் நினைப்பான்.

முதலில் தனியாக உட்காருங்கள். "நான் வீட்டில் பேசியது தவறு. என் கோபம் அந்த அரசின்மேல், அதை எல்லார்மேலும் போட்டுப் பேசிவிட்டேன். நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய்" என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். குண்டுவீச்சைப் பற்றி அவனுக்கு இருக்கும் கோபம் சரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அநியாயத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வான். பிறகு அந்தப் பையனைப் பற்றிக் கேளுங்கள். அவனுக்கு எந்த விளையாட்டு பிடிக்கும், எங்கே பிறந்தான், வகுப்பில் யாரோடு சேருவான் என்று. அவன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனாக இருந்தால், அந்த நாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

மன்னிப்பு என்பது அவன் சொன்ன வார்த்தைக்கான மன்னிப்பாக இருக்கட்டும். "உன்னைக் கொலைகாரன் என்று சொன்னேன், நீ எதுவும் செய்யவில்லை, அப்படிச் சொன்னது தவறு" என்பது போதும். "நீ புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்ற மாதிரி வேண்டாம். அந்தப் பையனின் பெற்றோரிடம் நீங்கள் பேச நினைத்தால் பள்ளி வழியாகக் கேளுங்கள். அவர்கள் சந்திக்க விரும்பாவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பையன் மறுபடி பேச மறுத்தாலும் உங்கள் மகனை வற்புறுத்த விடாதீர்கள்.

"தவறு என்று எனக்கே தோன்றாதபோது எப்படிச் சொல்வது" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ உங்களுக்கு அது தோன்றியிருக்கிறது என்றுதான் படுகிறது. இல்லாவிட்டால், "நீங்கதானேம்மா சொன்னீங்க" என்ற வரியை எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள்.

அப்புறம், இரவில் பார்க்கும் செய்திகள். தினமும் வெகுநேரம் இறந்த உடல்களையும் அவற்றுக்குக் கீழே வரும் வசைகளையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனம் இறுகிப்போகும். செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நாளுக்கு ஒரு முறை, பகலில், நம்பகமான ஒரு ஊடகத்தில் பாருங்கள். படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள். மிச்சமாகும் நேரத்தில் தோழிக்குப் போன் பண்ணுங்கள், அவர் தம்பியைப் பற்றிப் பேசவிட்டுக் கேளுங்கள். குண்டு விழுந்த நாட்டில் அடிபட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் அமைப்புக்கு முடிந்ததை அனுப்புங்கள். உங்கள் மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதி, இந்தப் போரில் நம் அரசின் நிலை என்ன என்று கேளுங்கள். கோபத்துக்கு இப்படிச் சில வழிகள் இருக்கின்றன.

இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் சீராகாவிட்டாலும், அவரைப் பார்த்ததும் உடம்பு பதறுவது நிற்காவிட்டாலும் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அடுத்தவருக்கு நேர்ந்த இழப்பும் நம்மை நோயாளி ஆக்கும், அதற்குச் சிகிச்சை உண்டு. பரிந்துரையிலிருந்து விலகுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். கெடு எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த வாரமே மேலாளரிடம் பேசிவிடுவது நல்லது.